ஆற்றுக்குள் கிடந்த வாசனை

தாமிரபரணி துணிகளைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிய வருஷத்தில், பொன்னத்துறைக்குப் போகும் பேருந்துகளில் கால் வைக்க இடமில்லை. மதுரையிலிருந்து வந்தார்கள், சிவகாசியிலிருந்து வந்தார்கள், கடல் தாண்டிப் போனவர்கள்கூட விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார்கள். யார் கையிலும் கட்டுச்சோறு இல்லை, சோப்பு இல்லை, எண்ணெய்ப் புட்டி இல்லை. முகம் மட்டும் கல்யாணத்துக்குப் போகிறவர்களுடையதைப் போல மலர்ந்திருந்தது. இறந்துபோனவர்களைத் தேடிப் போகிற கூட்டம் என்று சொன்னால் வெளியூர்க்காரன் நம்பமாட்டான்.

சங்கரன்கோவில் வண்டியிலிருந்து இறங்கிய செண்பகவல்லிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த வயதில் இப்படி அடிப்பது நல்லதுதானா என்று ஒரு பக்கம் யோசனை ஓடியது. அடித்தால் அடிக்கட்டும் என்று மறுபக்கம் இருந்தது. எத்தனையோ காலமாக அது ஒழுங்காக, அலுவலகக் கடிகாரம் மாதிரி அடித்துக்கொண்டிருந்ததில் அவளுக்கு ஒரு சுகமும் இருந்ததில்லை.

அவள் கணவர் சொரிமுத்து அரிசி ஆலையில் நெல் அவிக்கிற கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குப் போனவர் பொட்டலமாகத் திரும்பி வந்தார். அது நடந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும். புகைப்படங்கள் இருக்கின்றன. பழைய செல்பேசியில், வரும் வழியில் கருவேப்பிலை வாங்கட்டுமா என்று கேட்கிற குரல் இருக்கிறது. ஆனால் போன தை மாதத்தில் ஒரு காலை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் வாசனை என்ன என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நெல் அவிகிற வாசனை ஞாபகம் இருந்தது. பீடி வாசனை இருந்தது. அந்த இரண்டுக்கும் அடியில் இருந்த மனுஷனுடைய வாசனையைக் காணோம். அன்றைக்கு அவள் சமைக்கவில்லை.

அவருடைய நீலக்கட்டம் போட்ட சட்டையை, காரியம் முடிந்த கையோடு இதே துறையில்தான் உறவுக்காரர்கள் விடச் சொன்னார்கள். முங்கி எழுந்து, துணியை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்து விட்ட சட்டையும் சேலையும் வேட்டியும் ஆற்றின் அடியில் மெத்தை மாதிரி படிந்தன. நாணல் வேரில் சுற்றிக்கொண்டன. மீன்கள் முட்டையிட மணல் இல்லாமல் போனது. நீர்நாய்கள் துணிக்குள் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தன. பிறகு வேலி போட்டார்கள், காவல் போட்டார்கள். சனங்கள் பாலத்தின் மேலிருந்து வீசினார்கள். ஆள் வராத ஆறு தன் குப்பையோடு அப்படியே கிடந்தது.

அப்போதுதான் முகர்வி என்ற கருவி வந்தது.

நுழைவாயிலில் அன்றைய கூட்டத்துக்கு வழிகாட்டியாக நின்றவன் பாக்கியசீலன். முப்பது வயதிருக்கும். துறையிலேயே பிறந்து வளர்ந்தவன், எல்லோருக்கும் சீலன். ஒவ்வொருவரும் தொட்டிக்குள் இறங்கி நகக்கண்ணைக்கூடத் தேய்த்துக் கால் கழுவவேண்டும் என்றான். செருப்பில் ஒட்டி வந்த விதைகளில்தான் வெளியூர்க் களை முளைத்துக் கரையையே மூடியதாம். சூடம் கூடாது, பூ கூடாது. கரையில் கயிறு கட்டிய பாறைகளில் மட்டும் கால் வைக்கவேண்டும். வளைவு தாண்டியபின் சத்தம் கூடாது. போகும்போது ஆளுக்கொரு சாக்கு நிறையத் துணி அள்ளிக்கொண்டு போகவேண்டும். அதுதான் நுழைவுக் கட்டணம்.

செண்பகவல்லிக்குப் பக்கத்தில் கால் தேய்த்துக்கொண்டிருந்த பருத்த மனிதர் வெள்ளைப்பாண்டி. கடையநல்லூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அப்பாவின் தலைப்பாகைத் துண்டைத் தேடி வந்திருந்தார்.

"ஏம்ப்பா, சோறும் கெடயாது, குளிக்கவும் கூடாது, வேலையும் நாங்களே பாக்கணும்" என்றார். "இதுக்குப் பேரு சுற்றுலாவா?"

"அண்ணாச்சி, முன்னால நீங்க வந்து போட்டுட்டுப் போனிய, நாங்க அள்ளுனோம்" என்றான் சீலன். "இப்ப நீங்க அள்ளுதிய, நாங்க வேடிக்க பாக்கோம். சுற்றுலா எங்களுக்குத்தான்."

கூட்டம் சிரித்தது. வெள்ளைப்பாண்டிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

முகர்வி, மிதவை ஒன்றின் மேல் பொருத்திய உருண்டையான எஃகுப் பாத்திரம். சல்லடை மாதிரி துளைகள். அதைப் பார்த்ததும் இதுவா அது என்று செண்பகவல்லிக்குச் சப்பென்று ஆனது. இட்லிக் கொப்பரை மாதிரி இருக்கிறதே என்று வெள்ளைப்பாண்டி சொல்ல, அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அது எப்படித் துணிக்காரரைக் கண்டுபிடிக்கும் என்று அவள் கேட்டாள். சீலன் நடந்துகொண்டே சொன்னான்.

"சேத்துக்குள்ள காத்துப் படாமக் கெடக்குற துணியில ஒடம்பு எண்ண அப்படியே ஒறஞ்சு கெடக்கும்க்கா. நாய் மோந்து பாத்துக் கண்டுபிடிக்கும்லா, அதயேதான் இதுவும் செய்யுது. நாய்க்குச் சொல்லத் தெரியாது, இதுக்குத் தெரியும். நீங்க அனுப்புன சாமானோட ஒத்துப்போச்சுன்னா வாசல்ல ஒங்க மணிக்கட்டுல கட்டிவிட்ட கைப்பட்டையில துடிப்பு வரும். சாயங்காலம் அந்த வாசனையக் குப்பியில செஞ்சு குடுத்துருவோம். பழைய வாசன இல்ல, புத்தம் புதுசா. இப்பத்தான் சட்டையக் கழட்டிப் போட்ட மாதிரி."

இப்பத்தான் கழட்டிப் போட்ட மாதிரி. அந்தச் சொல்லை அவள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் மாதிரிக்கு அனுப்பியிருந்தது சொரிமுத்துவின் தலையணை உறை. அவருடையது என்று வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே துணி.

போகப் போக சீலன் வேறு கதைகளும் சொன்னான். எல்லாம் நல்ல கதைகள் இல்லை. குப்பி கிடைத்த ஒருவர் ஒரே நாளில் முழுவதையும் முகர்ந்து தீர்த்துவிட்டு, இன்னொன்று வேண்டுமென்று வாயிலில் வந்து உட்கார்ந்துகொண்டார். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இப்போது செத்தவர்களின் துணியைக் கொண்டுவந்து போடுகிறவர்களும் உண்டு. வங்கி லாக்கர் என்று நினைத்துவிட்டார்கள். போன கோடையில் ஒரு குடும்பம், கைப்பட்டை துடித்த பரவசத்தில், நீர்நாய் குட்டி போடுகிற ஆழ்மடு என்று தடை போட்ட கசத்துக்குள் இரும்புக் கொக்கியோடு இறங்கியது. கரை சரிந்தது. தாய் நீர்நாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பாய்ச்சலைக் கடந்தது. எல்லாக் குட்டியும் அக்கரை சேரவில்லை.

அதன்பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. தடை போட்ட கசத்தில் துணி இருந்தால் அது அங்கேயே கிடக்கும். யாருடையதானாலும்.

ஆற்றுக்குள் இறங்கியதும் கதையெல்லாம் மறந்துபோனது. தண்ணீர் முழங்காலைப் பிடித்துத் தள்ளியது. ஒரு முனையை இழுத்தால் சேலை வந்துகொண்டே இருந்தது. கரும்பச்சைச் சேறு வழிந்ததும் உள்ளே இருந்து சரிகை மின்னியது. யாரோ பட்டுக் கட்டிய அம்மா. இழுத்த இடத்தில் வெள்ளை மணல் கண் திறந்தது. சேறு தெளிந்த கொஞ்ச நேரத்திலேயே விரல் நீளக் கெண்டைகள் கூட்டமாக வந்து அந்த மணலைச் சோதித்துப் பார்த்தன. இத்தனை நாளாக எங்கே நின்று காத்துக்கொண்டிருந்தன என்று தெரியவில்லை. செண்பகவல்லி சின்னப்பிள்ளை மாதிரி அடுத்த துணியைப் பிடித்து இழுத்தாள். சாக்கு கனத்தது. தோள் வலித்தது. பசித்தது. எதையும் அவள் பொருட்படுத்தவில்லை.

வெள்ளைப்பாண்டிக்கு முதலில் துடித்தது. பாறை இடுக்கிலிருந்து அவர் இழுத்தது ஒரு முழத்துக்குமேல் மிஞ்சாத கிழிசல். மிதவை அதன் மேல் நின்று முகர்ந்தது, பச்சை விளக்கு எரிந்தது. பருத்த உடம்போடு அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஐயா" என்றார். "இதச் சுருட்டித்தான் என்ன அடிப்பாரு, பாத்துக்கிடுங்க. அடிச்சிட்டு, இதாலயே கண்ணத் தொடச்சி விடுவாரு."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. சத்தம் வராமலிருக்க அந்தக் கிழிசலையே வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

உச்சி வெயில் சாய்ந்த நேரத்தில் செண்பகவல்லியின் கைப்பட்டை துடித்தது. தன் நாடிதான் என்று முதலில் நினைத்தாள். பிறகு சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தாள். சீலன் வந்து அவள் கையைத் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது.

துணி இருந்தது கீழே, பாலத்தைத் தாண்டி, மருதமரத்துக் கசத்தில். தடை போட்ட கசம்.

அவர்கள் நின்ற இடத்திலிருந்து அந்த மருதமரம் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். நீரில் வேர் விரித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அவர் இத்தனை வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

ஒரே ஒரு தடவை, தானே போய், யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்துவிடுவதாகச் சொன்னாள். சீலன் முடியாது, அங்கே நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது என்றான். குட்டிகள் வளர்ந்து வெளியேறியதும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். அதற்குள் ஐப்பசி வெள்ளம் வந்துவிடும், வெள்ளத்துக்குப் பிறகு துணி அங்கே இருக்காது என்று உண்மையைச் சொன்னான். வெள்ளைப்பாண்டி குறுக்கே வந்தார். ஐயாவின் துண்டைத் தோளில் போட்டிருந்தார்.

"ஏலேய் சீலா, நான் ஒரு முங்கு முங்கி எடுத்தாந்துருதேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கோ. நான் கெடச்சவன், அக்கா கெடைக்காம நிக்காவ. எனக்கு வீட்டுக்குப் போயிச் சோறு எறங்குமால?"

சீலன் தன் கையிலிருந்த பலகைத் திரையை அவளிடம் நீட்டினான். வேருக்கடியில் ஒரு சின்ன நீர்க்கண் கேமரா பொருத்தியிருந்தார்கள். இருட்டான பொந்து தெரிந்தது. பொந்துக்குள் சேறு படிந்த துணி, சுருட்டிச் சுருட்டி வட்டமாகப் பரப்பிய துணி. அதன்மேல் மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று கனவில் காலை உதைத்தது. தாய் ஈரத்தோடு உள்ளே வந்து, துணியின் ஓரத்தைப் பல்லால் கவ்வி இழுத்து அந்தக் குட்டிக்கு மேல் போர்த்தியது.

செண்பகவல்லி வெகுநேரம் பார்த்தாள். துணியின் நிறம் தெரியவில்லை.

"அவியளுக்குக் குளிர் ஆகாது" என்றாள் கடைசியில். யாரைச் சொல்கிறாள் என்று இருவரும் கேட்கவில்லை. "கெடக்கட்டும். எடுக்காண்டாம்."

சொன்ன பிறகு ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு. அழுகை வரும் என்று காத்திருந்தாள். மறுபடியும் அந்தப் படபடப்புதான் வந்தது. பிள்ளை பெற்றுத் தரமுடியவில்லை என்ற குறை அவர் சாகும்வரை அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. இப்போது அவர் சட்டைமேல் மூன்று பேர் படுத்துத் தூங்குகிறார்கள்.

சீலன் கொஞ்சம் யோசித்துவிட்டு, துணியைத் தொடாமல் ஒன்று செய்து பார்க்கலாம் என்றான். தாய் இரை தேடிப் போகும்போது முகர்வியைச் சத்தமில்லாமல் பொந்தின் வாய்வரை மிதக்கவிட்டுக் காற்றை மட்டும் எடுக்கலாம். நீர்நாய் வாசனை கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் செய்து தரும். அப்படிச் செய்ய அனுமதி உண்டு. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சாயங்காலம் வாயிலருகே இருந்த ஓட்டுக் கொட்டகையில் சாக்குகளை இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேதான் சுக்குக் காப்பி கிடைத்தது. வெள்ளைப்பாண்டி தன் குப்பியை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, போதும், மிச்சம் தம்பிக்கு என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சீலன் செண்பகவல்லியின் கையில் ஒரு குப்பியை வைத்தான். கட்டைவிரல் அளவுதான். மூடியை அவன்தான் திறந்து கொடுத்தான்.

கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள்.

நெல் இல்லை. பீடி இல்லை. தேங்காயெண்ணெய். பூசிக் குளித்த மஞ்சள். வாடிப்போன பிச்சிப்பூ. தட்டச்சு நாடாவின் மை மாதிரி கசப்பாக ஏதோ. அடியில் ஒரு வியர்வை, இளசான, கொஞ்சம் புளிப்பான வியர்வை.

"இது அவிய இல்ல" என்றாள். "யாரோ பொம்பள. ஒங்க மெஷினு தப்பு பண்ணிட்டு."

முகர்வி தப்பு பண்ணாது என்று சீலன் தயங்கித் தயங்கிச் சொன்னான். மாதிரிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டான். தலையணை உறை என்றாள். அவர் போனபின் அது எங்கே இருந்தது என்று கேட்டான்.

அவள் பதில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றாள். அது எங்கே இருந்தது? அவள் கன்னத்துக்கு அடியில். ஒவ்வொரு ராத்திரியும். அவர் வாசனை போய்விடுமே என்று துவைக்காமல், முகத்தை அதிலேயே புதைத்துப் புதைத்து, பன்னிரண்டு வருஷம்.

"அக்கா" என்றான் சீலன் மெதுவாக. "அது ஒங்களயில்லா தேடிருக்கு."

காரியத்தன்று அவள் உடுத்தியிருந்த சேலையையும் அவிழ்த்து ஆற்றில் விடச் சொன்னார்கள். மருத்துவமனையில் கடைசி ராத்திரி முழுக்க உடுத்தியிருந்த கத்தரிப்பூ நிறச் சேலை. அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் அலுவலகத்துக்கும் அடுக்களைக்கும் உடுத்தியது. குட்டிகள் படுத்திருப்பது அதன்மேல். நீலக்கட்டச் சட்டை எந்தக் கடலுக்குப் போனதோ.

வெள்ளைப்பாண்டி அவள் பக்கமாகக் காப்பி டம்ளரை நகர்த்தி வைத்தார். அவள் அதைப் பார்க்கவில்லை. குப்பியை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள். தன் வாசனை தனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஆலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குள் வந்து, அவள் பின்னங்கழுத்தருகே ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் போவார் அவர். கொதிகலன் புகை மூக்கை அடைத்துக்கொள்கிறது, அதைத் திறக்கிறேன் என்பார். வேறு வேலையில்லையா என்று அவள் கரண்டியைக் காட்டுவாள். இத்தனை காலமும் அவர் பக்கத்திலிருந்து அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் இழுத்த மூச்சை இப்போது அவள் இழுத்தாள்.

கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றாள்.

அதற்குச் சிரித்தவர்களோடு சீலன் சேரவில்லை. பலகைத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். என்ன என்று அவள்தான் கேட்டாள்.

"எப்படிச் சொல்லன்னு தெரியலக்கா. செத்தவங்க வாசன குட்டிங்களுக்குப் பழகுனா ஒண்ணும் மோசமில்ல. அந்த ஆளு வரப்போறதில்ல. உசுரோட இருக்கவங்க வாசன பழகக் கூடாது. நீங்க ஆத்துப்பக்கம் வந்தியன்னா, அம்மான்னு நெனச்சித் தேடி வந்துரும். ஒங்ககிட்ட வந்தா சரி. ஒங்களுக்குப் பின்னால வலையோட எவன் நிக்கான்னு அதுக்குத் தெரியுமா?"

அவன் சொல்லி முடிக்குமுன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆற்றுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். கால் கழுவிக்கொண்டு, சாக்கோடு, எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்து துணி அள்ளலாம். அடுத்த மாதமே வரவேண்டும், மணலைப் பார்க்கவேண்டும், குட்டிகள் நீந்துவதைத் தூரத்திலிருந்தாவது பார்க்கவேண்டும் என்று மத்தியானத்திலிருந்து அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உலகத்தில் அவள் ஒருத்தி மட்டும் வரக்கூடாது.

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள்.

"அதுங்க ஆயுசுக்கும்" என்றான் சீலன்.

மூன்று பிள்ளைகள், ஆயுசுக்கும். அவள் எழுந்து சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சங்கரன்கோவிலில் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை ஏதாவது இருக்குமா என்று விசாரித்தாள். புறப்படும் முன்பே வருகிறவர்களுக்குத் தொலைபேசியில் எல்லாம் சொல்லிவைக்க ஆள் தேவைப்படுகிறது என்றான். எதைக் கொண்டு வரலாம், எங்கே கால் வைக்கலாம், எது அங்கேயே கிடக்கட்டும் என்பதை. தனக்கு நன்றாகப் பேச வரும் என்றாள். வெள்ளைப்பாண்டி உடனே எண்ணை வாங்கிக்கொண்டு, பாத்திரக்கடைக்காரர்கள் சங்கத்தையே கூட்டி வருவதாகவும், அவர்களுக்கு வாய் அதிகம், அக்காதான் முதலில் அடக்கி அனுப்பவேண்டும் என்றும் சொன்னார்.

கடைசி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி பாலத்தில் ஏறியதும் எல்லோரும் எழுந்து, எங்கே, எங்கே என்று கிழக்குப் பக்கமாக எட்டிப் பார்த்தார்கள். மருதமரத்தடியில் தண்ணீர் வட்டமிட்டது. ஏதோ ஒரு தலை, பிறகு இன்னொரு தலை என்று யாரோ கிசுகிசுத்தார்கள். பின்னாலிருந்த பெண், நீங்களும் பாருங்களேன் அம்மா என்று அவள் தோளைத் தொட்டாள்.

மேல்காற்று வண்டிக்குள் புகுந்து, ஆளுக்கு ஆள் தொட்டு, கிழக்கே கசத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. செண்பகவல்லி அந்தப் பக்கம் திரும்பவில்லை. தன் ஜன்னல் கண்ணாடியை அழுத்தி மூடினாள். ஓரத்தில் இருந்த சின்ன இடைவெளியில் முந்தானையைச் சுருட்டி அடைத்து, வண்டி பாலம் தாண்டும்வரை கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.